யு.டி.ஆர். நம்பர் ப்ளீஸ்!

காலேஜ்ல என்.எஸ்.எஸ்.ல இருந்தவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த நல்ல காரியம் செஞ்சாலும் மனசு தானா மணிக்கணக்கு போட ஆரம்பிச்சிடும். வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் சேவை செஞ்சாத்தானே சர்ட்டிஃபிகேட்? 'எனக்காக அல்ல, உனக்காக'ன்னு பேட்ஜ் குத்திக்கிட்டு, ரத்ததான முகாம்ல ஜூஸ் ஊத்திக் கொடுத்தபடியே, 'இதோட 96 மணி நேரம் ஆச்சு'ன்னு கணக்குப் போட்ட கூட்டத்துல நானும் ஒருத்தன்.

அந்த வியாதி வேலைக்குப் போன பிறகும் விடலை. விடாததோட, அதுக்கு ரூபாய்ல விலையும் போட ஆரம்பிச்சிடுச்சு. அந்தக் கதைதான் இது.

சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா பூட்டுப் பட்டறையில வேலை பார்த்தவர். எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மாலை நேரப் படிப்பு மையம் இருக்கு. ரிட்டயர்டு கணக்கு டீச்சர் ஒருத்தங்க சின்ன டிரஸ்ட் வெச்சு நடத்துறாங்க. தோல் ஷாப்புக்கும் பட்டறைக்கும் வேலைக்குப் போறவங்க வீட்டுப் பசங்க அறுபது பேர் சாயங்காலம் வந்து படிப்பாங்க. நானும் என் தங்கச்சியும் அங்கே படிச்சவங்கதான். எனக்கு அல்ஜீப்ரா வந்ததே டீச்சர் கையால வாங்கின கொட்டுலதான்.

2022 மே மாசம், சென்னையில சாஃப்ட்வேர் கம்பெனி வேலை கிடைச்ச சந்தோஷத்துல ஸ்வீட் பாக்ஸோட டீச்சரைப் பார்க்கப் போனேன். டேபிள் மேல ஒரு மலை மாதிரி ரசீது புத்தகம். கார்பன் பேப்பர் வெச்சு எழுதி எழுதி விரலெல்லாம் நீலம்.

"இப்பல்லாம் நன்கொடை கொடுத்தவங்க பேரு, பான் நம்பர் எல்லாத்தையும் வருஷா வருஷம் கம்ப்யூட்டர்ல ஏத்தி டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பணுமாம்ப்பா. நான் எங்கிட்டு போக?"ன்னாங்க.

"நான் இருக்கேன் டீச்சர்!"னேன். ஹீரோ மாதிரி!

அஞ்சு மாசம். ஒரு சனி, ஞாயிறு விடலை. மையத்துக்கு ஒரு வெப்சைட், நன்கொடை கணக்குக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர். டொமைன், ஹோஸ்டிங், எஸ்.எம்.எஸ். பேக் எல்லாம் சேர்த்து என் கார்டுல இருந்து 3,600 ரூபாய் போச்சு. அதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடலை. (இந்த 3,600-ஐ ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்!)

சாஃப்ட்வேர் செய்யும்போது டீச்சர் ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க. "தம்பி, காசு வராம ரசீது வெளிய போகக் கூடாது. நானே தூக்கக் கலக்கத்துல போட்டாலும் போகக் கூடாது."

சரின்னு ஒரு பூட்டு போட்டேன். பேங்க்ல பணம் வந்ததுக்கான யு.டி.ஆர். நம்பர் இல்லாட்டி ரசீது வராது. ரொக்கம்னா 2,000 ரூபாய்க்கு மேல 80ஜி ரசீது வராது. அந்த வரம்பு நான் வெச்சது இல்லை, சட்டம் வெச்சது. 2017-18 நிதியாண்டுல இருந்து 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிச்சலுகை கிடையாது. கோடு எழுதும்போது தமாஷுக்கு ஒரு கமென்ட்டும் போட்டு வெச்சேன். 'டீச்சர் உத்தரவு. இந்த வரியில யாரும் கை வைக்காதீங்க.'

நவம்பர்ல எல்லாம் முடிஞ்சு டெமோ காட்டினப்போ பசங்க கைதட்டினாங்க பாருங்க... அதோட கதையை முடிச்சிருந்தா நானும் நல்லவன்தான்.

2023 பிப்ரவரி. ஆபீஸ்ல 'ப்ரூஃப் சப்மிட் பண்ணுங்க'ன்னு மெயில் மேல மெயில். முதல் முறையா என் வரிக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன், பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் போக மிச்சம் 5,20,000 ரூபாய். அதுக்கு வரி 16,500. அது மேல 4 சதவிகிதம் செஸ். மொத்தம் 17,160.

சீட்ல இருந்து எட்டிப் பார்த்த ஆபீஸ் அண்ணன் ஒருத்தர் ஒரு குண்டைப் போட்டார். "தம்பி, இன்னும் 20,000 குறைஞ்சா உனக்கு வரியே கிடையாதுடா!"

நிஜம்தான். அந்த வருஷம் பழைய முறையில வருமானம் 5 லட்சத்தைத் தாண்டலைன்னா, வர்ற 12,500 வரியும் 87ஏ தள்ளுபடியில மொத்தமா போயிடும். 5,20,000-க்கு 17,160. அஞ்சு லட்சத்துக்குப் பூஜ்யம்! நடுவுல 20,000 ரூபாய்தான் இருக்கு.

"எங்கயாச்சும் டிரஸ்டுக்கு டொனேஷன் கொடுத்திருக்கியா? 80ஜில பாதி கழியும். 40,000-க்கு ரசீது இருந்தா 20,000 போச்சு. ஹெச்.ஆர்.ல எடுத்துக்க மாட்டாங்க, ரிட்டர்ன் போடும்போது நீயே காட்டிக்கலாம். மொத்த வரியும் ரீஃபண்டா வந்துரும்."

'டொனேஷன் எங்க கொடுத்தேன், வேலைதான் செஞ்சு கொடுத்தேன்'னு சொல்ல வாயெடுத்தேன். அப்படியே நின்னுட்டேன். மண்டைக்குள்ள பழைய என்.எஸ்.எஸ். கணக்கு ஓட ஆரம்பிச்சிடுச்சு. அஞ்சு மாசம்... நாற்பது நாளுக்கு மேல... இதே வேலையை வெளியில ஃப்ரீலான்ஸா செஞ்சிருந்தா கண்ணை மூடிட்டு 40,000 வாங்கியிருக்கலாம். அப்போ நான் டிரஸ்டுக்கு 40,000 கொடுத்த மாதிரிதானே?

இதுல இன்னொரு விஷயமும் இருந்துச்சு. தங்கச்சிக்கு ஜூலையில செகண்ட் இயர் ஃபீஸ் கட்டணும். அப்பாவுக்குக் கண்ணு சரியில்லாம பட்டறைக்குப் போறதை நிறுத்தி ஆறு மாசம் ஆகியிருந்தது. என் கணக்குல 17,000 சொச்சம் துண்டு விழுந்துச்சு. ரீஃபண்ட் 17,160, துண்டு 17,000. கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்த மாதிரி இல்லை? எனக்கு அப்படித்தான் தோணுச்சு.

அன்னிக்கு ராத்திரியே டீச்சருக்கு போன் போட்டேன். எச்சில் முழுங்கி, தயங்கித் தயங்கிக் கேட்டேன். டீச்சர் ஒரு கேள்வி கேட்கலை.

"நீ செஞ்சதுக்கு நான் என்னப்பா திருப்பிக் கொடுத்திருக்கேன்? காலையில போட்டு அனுப்புறேன்"னாங்க.

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். திட்டலை.

மறுநாள் காலை பத்து மணிக்கு போன். "ஏம்ப்பா, உன் பேரு போட்டேன், பான் நம்பர் போட்டேன், 40,000 போட்டேன். சிவப்பு எழுத்துல ஏதோ நம்பர் கேட்டுத் திட்டுதே! யு.டி.ஆர்.னு... அதை எப்படித் தாண்டுறது?"

என்னத்தைச் சொல்ல? என் கோடே என்னைத் திட்டுச்சு!

"சாயங்காலம் பார்க்கிறேன் டீச்சர்"னு சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. அதுக்கு முன்னாடி ரெண்டு சாய்கோடு போட்டா போதும், பூட்டு திறந்துரும். ரசீது அடிச்சதும் சாய்கோட்டை எடுத்துட்டா யாருக்கும் தெரியாது. அதுக்கு மேலேயே என் கமென்ட். 'டீச்சர் உத்தரவு. இந்த வரியில யாரும் கை வைக்காதீங்க.'

பூட்டைப் பத்தி அப்பா அடிக்கடி சொல்ற ஒரு விஷயம் அப்பன்னு பார்த்து ஞாபகம் வந்து தொலைச்சுது. "திருடன் திறக்க முடியாதது பெருசில்லடா. செஞ்சவனே சாவி இல்லாம திறக்க முடியக் கூடாது. அதுதான் பூட்டு."

லேப்டாப்பை மூடிட்டு ரூம்மேட்டை எழுப்பினேன். அவன் சி.ஏ. இன்டர் முடிச்சிட்டு ஆர்ட்டிகிள்ஷிப்ல இருக்கான். மேன்ஷன்ல எல்லாருக்கும் அவன் பேரு 'ஆடிட்டர்'தான்.

முழுக் கதையும் கேட்டுட்டு தலையில அடிச்சுக்கிட்டான்.

"டேய், 80ஜி பிரிவுல தெளிவா எழுதியிருக்கு. நன்கொடைன்னா பணமா இருக்கணும். அரிசி மூட்டை கொடுத்தாலும் கழிவு கிடையாது, பழைய கம்ப்யூட்டர் கொடுத்தாலும் கிடையாது. உழைப்பு கொடுத்தா எப்படிடா கிடைக்கும்?"

"அநியாயம்டா. காசு இருக்கிறவன் செக் கிழிச்சுக் கொடுத்தா சலுகை. காசு இல்லாதவன் அஞ்சு மாசம் உட்கார்ந்து உழைச்சா ஒண்ணும் இல்லையா?"

"சரி, சட்டத்தை விடு. கணக்கா பார்ப்போம்"னு ஒரு பேப்பரை எடுத்தான். "உன் இஷ்டப்படியே செய்வோம். டீச்சர் உனக்கு 40,000 ஃபீஸ் கொடுக்கிறாங்க. நீ அதை அப்படியே செக் போட்டு நன்கொடையா திருப்பிக் கொடுக்கிறே. எல்லாம் பக்கா, சட்டப்படி ரசீதும் உண்டு. ஓ.கே.வா?"

"ஓ.கே.!"

"செலவுன்னு காட்ட உனக்கு எதுவும் இல்லை, 40,000-மும் வருமானம்னு வெச்சுக்கோ. இப்போ உன் வருமானம் 5,60,000. நன்கொடையில பாதி கழிச்சா 5,40,000. அதுக்கு வரி 20,500. செஸ்ஸோட 21,320. முன்னாடி எவ்வளவு?"

"17,160..."

"ஆக, 4,160 ரூபாய் உனக்கு நஷ்டம்! சும்மா செஞ்சு கொடுத்ததுதான்டா உனக்கு லாபம். வராத காசுக்கு வரி இல்லைல்ல? நீ 40,000 சம்பாதிக்கவே இல்லை, அதனால அதுக்கு வரியும் கட்டலை. அதாவது உன் உழைப்புக்கு ஏற்கெனவே நூறு சதவிகிதம் கழிவு கிடைச்சிடுச்சு. ஓவர்டைம் பார்த்து 40,000 சம்பாதிச்சுக் கொடுத்தவனுக்கு பாதிதான் கழியுது. மறுபடியும் நீ கழிவு கேட்டா ஒரே இட்லிக்கு ரெண்டு வாட்டி சட்னி கேட்கிற மாதிரி."

எனக்கு வாயே திறக்கலை. அஞ்சு மாசமா நான் 'கொடுத்தேன் கொடுத்தேன்'னு நினைச்ச நேரத்துக்கு எந்தக் கவர்மென்ட்டும் ஒரு பைசா கை வெச்சதில்லை. அதைத்தான் நான் இன்னொரு தடவை விக்கப் பார்த்திருக்கேன்.

"அப்புறம் இன்னொண்ணு. அந்த 40,000-ங்கிற விலையை யார் போட்டது?"

"நான்தான்..."

"அதான். நீ 40,000-ம்பே. நாளைக்கு ஒரு நடிகர் வந்து ரிப்பன் வெட்டிட்டு என் அரை மணி நேரம் 10 லட்சம்பார். எந்த ஆபீசர் உட்கார்ந்து இதையெல்லாம் அளக்கிறது?"

அமெரிக்காவுல எப்படின்னு அப்பவே தேடிப் பார்த்தோம். அங்கேயும் இதே கதைதான். தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்த நேரத்துக்கும் உழைப்புக்கும் கழிவு கிடையாது. டாக்டர், வக்கீல், பெயின்ட் அடிக்கிறவர் எல்லாருக்கும் ஒரே ரூல். ஆனா அந்தச் சேவைக்காகக் கைக்காசு செலவு பண்ணியிருந்தா அதைக் கழிச்சுக்கலாம். சொந்த கார்ல போனா மைலுக்கு 14 சென்ட். இந்த 14 சென்ட் 1998-ல இருந்து ஏறவே இல்லைங்கிறது தனிக் கொடுமை!

'கைக்காசு'ன்னதும் எனக்கு அந்த 3,600 ஞாபகம் வந்துச்சு.

"அது பேசலாம்"னான் ஆடிட்டர். "நம்ம ஊர்ல அதை நேரா கழிக்க முடியாது. ஆனா பில்லு இருந்தா டிரஸ்ட்ல கொடு. அது அவங்க செலவுதானே? உனக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். நீ போட்ட காசு திரும்பி வருது, அது வருமானம் இல்லை. அப்புறம் உனக்கு மனசு இருந்தா அதே 3,600-ஐ உன் அக்கவுன்ட்ல இருந்து நன்கொடையா அனுப்பு. அதுக்கு யு.டி.ஆர். நம்பர் வரும், ரசீதும் வரும். எல்லாமே நிஜம்."

கடைசியா ஒரு விஷயம் சொன்னான். அதுதான் தூக்கத்தைக் கெடுத்துச்சு. "40,000-ன்னு பொய்யா போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? வராத பணத்தை வந்ததா டீச்சர் மே 31-க்குள்ள 10பிடி ஃபார்ம்ல டிபார்ட்மென்ட்டுக்குச் சொல்லணும். அவங்க பேங்க் புக்குல அந்தப் பணம் இருக்காது. மாட்டினா உனக்கு ஏய்ச்ச வரியில 200 சதவிகிதம் அபராதம், 34,320. அது கூட பரவாயில்லை, நீ கட்டித் தொலைப்பே. டிரஸ்டோட 80ஜி பதிவே போயிருக்கும். அப்புறம் நிஜமா காசு கொடுக்கிறவன் எவன்டா கொடுப்பான்?"

அறுபது பசங்க. என் ஃபீஸ் துண்டுக்காக அவங்க விளக்கை அணைக்கப் பார்த்திருக்கேன். அதுவும் 'சேவை'ங்கிற பேர்ல!

அந்த வார சனிக்கிழமை நேரா ஊருக்குப் போயிட்டேன். போன்ல சொல்ல முடியலை.

"டீச்சர், அந்த யு.டி.ஆர். விஷயம்... அதைத் தாண்ட முடியாது. தாண்டக் கூடாது. நான் கேட்டதே தப்பு."

டீச்சர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. "எனக்கும் ராத்திரி முழுக்க தூக்கம் இல்லப்பா. 31 வருஷம் பசங்களுக்கு ஈக்வேஷன்ல ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்னு சொல்லிக் கொடுத்தவ, ஒரு பக்கம் மட்டும் 40,000 எழுதுனேனேன்னு. நீ கேட்டு நான் எப்படி இல்லைன்னு சொல்ல? அதான் போடப் போனேன். நல்லவேளை, அது திட்டுச்சு."

அதைக் கேட்டப்போதான் முழுசா உறைச்சுது. நன்றிக்கடன் பட்டவங்ககிட்ட போய் ஒண்ணு கேட்டா அது கேட்கிறது இல்லை, பிடுங்கறது. நான் பிரதி உபகாரம் எதிர்பார்க்காம செஞ்ச வேலையையே, மூணு மாசம் கழிச்சு டீச்சரால மறுக்க முடியாத ஒரு கடனா மாத்திட்டேன்.

பில்லைக் கொடுத்தேன். 3,600 என் அக்கவுன்ட்டுக்கு வந்துச்சு. அங்கேயே உட்கார்ந்து யு.பி.ஐ.ல திருப்பி அனுப்பினேன். டீச்சர் யு.டி.ஆர். நம்பரை ஒவ்வொரு எழுத்தா படிச்சுப் படிச்சு டைப் பண்ணினாங்க. பச்சை எழுத்துல ரசீது வந்துச்சு. சத்தியமா சொல்றேன், ஆபீஸ்ல எத்தனையோ கோடு எழுதியிருக்கேன், எதுவும் அவ்வளவு அழகா ஓடினதில்லை.

அந்த வருஷம் ரிட்டர்ன் போட்டேன். 3,600-ல பாதி, 1,800 கழிஞ்சுது. ரவுண்ட் பண்ணி ரீஃபண்ட் 370 ரூபாய். திண்டுக்கல்காரன் 370 ரூபாயை வெச்சு என்ன பண்ணுவான்? ஆடிட்டரைக் கூட்டிட்டுப் போய் பிரியாணி சாப்பிட்டேன். பத்தாததுக்கு அவனே போட்டான்.

தங்கச்சி ஃபீஸ்? காலேஜ் ஆபீஸ்ல லெட்டர் கொடுத்து ரெண்டு தவணையா கட்டினோம். ரெண்டாவது தவணைக்கு என் வண்டியை வித்தேன். ஒரு வருஷம் ஷேர் ஆட்டோ. அதுல பெருமைப்பட ஒண்ணும் இல்லை, அதையும் சொல்லிடறேன். ஷேர் ஆட்டோவுல தொங்கிட்டுப் போகும்போது 'பேசாம அந்த சாய்கோட்டைப் போட்டிருக்கலாமோ'ன்னு ரெண்டு மூணு தடவை தோணத்தான் செஞ்சுது.

காலேஜ்ல படிக்கிற உங்களுக்கு நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுல கொஞ்சம். வெப்சைட், போஸ்டர் டிசைன், டியூஷன், கணக்கு எழுதறதுன்னு தெரிஞ்ச வேலையை யாருக்காவது செஞ்சு கொடுக்கிறீங்களா? தாராளமா செய்யுங்க. ஆரம்பத்துலேயே கைச்செலவு யாரோடதுன்னு பேசிடுங்க, பில்லை பத்திரமா வெச்சுக்கோங்க. பணம் கொடுக்கிறதா இருந்தா அந்த டிரஸ்டுக்கு வரிச்சலுகைப் பதிவு இருக்கான்னு கேட்டுட்டு பேங்க் வழியா கொடுங்க. பான் நம்பர் கொடுத்து, அடுத்த மே முடியறதுக்குள்ள 10பிஇ சர்ட்டிஃபிகேட் கேட்டு வாங்குங்க. என் கதை நடந்தது 1961-ம் வருஷத்துச் சட்டத்துல. 2025-ல நிறைவேறின புது வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண்களெல்லாம் மாறுது, நீங்க ரிட்டர்ன் போடும்போது புது எண்ணைப் பார்த்துக்கோங்க.

அதை விட முக்கியம், 2023-24-ல இருந்து புது வரி முறைதான் தானா வர்ற முறை. அதுல 80ஜி கழிவே கிடையாது. 2025-26 நிதியாண்டுக்கு அந்த முறையில 12 லட்சம் வரைக்கும் வரியும் கிடையாது. அதனால புதுசா வேலைக்குப் போறவங்க நிறைய பேருக்கு நான் பட்ட சபலமே வராது. கொடுத்து வெச்சவங்க! கொடுக்கணும்னு தோணினா கொடுக்கிறதுக்கு மட்டுமே கொடுப்பீங்க.

போன வருஷம் வேற கம்பெனிக்கு மாறும்போது, செஞ்ச வேலையைப் பத்தி ஒரு லெட்டர் கேட்டேன். டீச்சர் அவங்க கையெழுத்துலேயே எழுதிக் கொடுத்தாங்க. என்னென்ன செஞ்சேன், எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், எத்தனை நாள்னு எல்லாம் இருந்துச்சு. கீழே 'மதிப்பு'ன்னு ஒரு இடம் விட்டிருந்தாங்க. அங்க ரூபாய்க் கணக்கு எதுவும் எழுதலை.

'இதுவரை இந்த மென்பொருள் தவறான ரசீது எதையும் அனுமதித்ததில்லை. ஒருமுறை முயன்றும் பார்த்தாகிவிட்டது'ன்னு எழுதியிருந்தாங்க.

இன்டர்வியூல படிச்சவர் சிரிச்சுட்டு, "யார் முயற்சி பண்ணினது?"ன்னு கேட்டார்.

"நான்தான் சார்"னேன்.